கழிகளால் செய்யும் செடிப் பெட்டி

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் சீமைக் கருவேல மரத்தை அறியாதார் ஒருவரும் இலர். கண்மாய்க்குள்ளும், தரிசிலும், ரஸ்தாவின் இருமருங்கிலும் அது முட்புதராய் மண்டிக் கிடக்கின்றது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரத்தின் விதையைச் சென்னை ராஜதானியின் வனத்துறையினர் 1877-ஆம் ஆண்டையொட்டித் தருவித்துக் கடப்பைப் பக்கத்து வறண்ட நிலங்களில் விதைத்தனர். விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதே அவர்கள் கருதியது. அக்காரியம் பின்னாளில் பல இடங்களில் நிறைவேறியதும் மெய்யே. ஆயினும் ஆடுமாடுகள் இதன் நெற்றை விரும்பித் தின்பதாலும், உள்ளிருக்கும் விதை செரியாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிப்பட்டு விழுந்த இடத்தில் முளைப்பதாலும், வைத்தவர்கள் நினையாத ஊர்களுக்கெல்லாம் மரம் பரவிவிட்டது. வெட்டினாலும் ஒழிவதில்லை. அடிக்கட்டை மண்ணில் இருக்குமளவும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கின்றது.

இவ்வாறு துளிர்க்கும் கழிகளில் பருத்தவை கரிமூட்டத்துக்குப் போகின்றன. பெருவிரல் கனத்துக்கு மேற்படாத மெல்லிய கழிகளோ மூட்டத்துக்கு உதவாதவை என்று ஒதுக்கப்பட்டு, வேலிக்கும் அடுப்புக்கும் போகும். அக்கழிகளைக் கொண்டு கீரையும் பூச்செடியும் வளர்ப்பதற்கேற்ற பெட்டிகளைச் செய்யும் முறையே இங்கு விளக்கப்படுகின்றது. பட்டணங்களில் மாடித் தோட்டம் போடுவோர் மிகுந்துவிட்ட இந்நாளில், பிளாஸ்டிக் பையை விட இயற்கை மரத்தின் தோற்றத்தை விரும்பி வாங்குவோரும் உளர். கழி அருகிலேயே கிடைக்கின்றது. அறுவடை முடிந்தபின் கை ஓய்வாயிருக்கும் மாதங்களும் உண்டு. ஆதலால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் சேர்ந்து செய்தற்கு இது தக்கதோர் கைத்தொழிலாகும்.

பெட்டி கட்டும் வேலை கடினமன்று. சுறுசுறுப்புள்ள இளைஞன் ஒரு நாளில் கற்றுக்கொள்வான். கட்டிய பெட்டி எத்தனை மழைக்காலம் நிற்கும் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். விற்கும் நாளில் நல்ல பெட்டிக்கும் கெட்ட பெட்டிக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் யாதும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒன்றின் அடியில் மாப்போன்ற தூள் கொட்டிக் கிடக்கும். ஐப்பசி மழையில் அதன் தளம் இற்று, மண்ணும் செடியும் கீழே சரியும். வாங்கியவருக்கு நேர்வது ஒரு பெட்டியின் விலையளவு நஷ்டமே. சங்கத்துக்கோ அந்த ஊரில் பெயர் போய்விடும். அடுத்த ஆண்டு செய்த நல்ல பெட்டிகளும் அங்கே விலையாகமாட்டா.

மரத்தைக் கெடுப்பவை மூன்று. அவற்றுள் முதலாவது உளு. மரத்தின் நடுவில் வைரம் என்றும், அதைச் சூழ்ந்து வெளிறு என்றும் இரண்டு பாகங்கள் உண்டு. வெளிற்றில் மரம் தன் உணவாகச் சேர்த்துவைத்த மாவுச் சத்து இருக்கின்றது. இச்சத்தை நாடி ஒருவகைச் சிறு வண்டு, வெட்டிய மரத்தின் நுண்ணிய துளைகளில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, குண்டூசி முனையளவு துளையிட்டு வெளியேறும். அப்போதுதான் தூள் கொட்டும். அதாவது சேதம் முடிந்த பிறகே அது வெளியில் தெரியும். வைரத்தை இவ்வண்டு தீண்டுவதில்லை. சீமைக் கருவேலத்தின் வைரம் மிகவும் உறுதியானது என்பது உண்மையாயினும், பெருவிரல் கனமுள்ள இளங்கழியில் வைரம் ஏது? ஏறக்குறைய முழுவதும் வெளிறே. மரம் உறுதியான ஜாதி என்று நம்பிக் கழியை வெட்டிய கையோடு பெட்டி கட்டுவோர் ஏமாறுவது இதனாலேயே.

இரண்டாவது இற்றுப்போதல். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் மரத்தைத் தின்பதால் இது நேர்கின்றது. பூஞ்சணம் பிழைக்க ஈரம் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாயிருக்குமானால் அது வளர மாட்டாது. மழையில் நனைந்து மறுநாள் வெயிலில் காயும் கழிக்கு இதனால் அதிகக் கெடுதியில்லை. ஈரமண் ஓயாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கழியும், தரையில் பதிந்து அடிப்புறம் காயாத கழியுமே இற்றுப்போகின்றன. மூன்றாவது கறையான். இது தரையிலிருந்து ஏறுவது. தரையோடு தொடர்பை அறுத்து, அடிப்புறத்தை அடிக்கடி பார்த்துவந்தால் இதைத் தடுப்பது சுலபம்.

ஆகவே உளுவுக்கு மருந்து கழியைப் பதப்படுத்துதல். இறுதலுக்கு மருந்து பெட்டியின் அமைப்பு. இவ்விரண்டில் முன்னதே பொறுமையைச் சோதிப்பது.

கழி வெட்டுவதற்குத் தை மாதம் ஏற்றது. வயல் வேலை குறைந்திருக்கும். குளம் கண்மாய்களில் தண்ணீரும் இருக்கும். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்பது முதியோர் வாக்கு. அந்நாள் பார்த்து வெட்டுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆயினும் பின்னே சொல்லும் ஊறலை அது ஈடு செய்யுமென்று எண்ணி விட்டுவிடலாகாது. கண்மாயிலும் பிற புறம்போக்கிலும் உள்ள மரத்தை வெட்டுவதற்கு முன் உரியவர்களிடம் எழுத்து மூலமாக அனுமதி பெறுவது அவசியம். தொல்லை தரும் மரமாயிற்றே, யார் கேட்பார் என்று கத்தியைத் தூக்குவது சங்கத்தை வழக்கில் கொண்டுபோய் விடும். வெட்டுவோர் கனமான செருப்பும் கையுறையும் அணிதல் வேண்டும். இம்முள் ஆழமாகக் குத்தும்; உள்ளே ஒடிந்து தங்கினால் வீங்கிச் சீழ் வைக்கும். முள்ளை வெட்டிய இடத்திலேயே கழித்துவிட்டு, கழியை மாத்திரம் ஊருக்குக் கொண்டுவருவது நன்று. குழந்தைகள் வெறுங்காலோடு திரியும் தெருவில் முள் கழிப்பது பெருங்குற்றம்.

பழைய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து ஓங்கிய கழிகளே இவ்வேலைக்கு நேரானவை. ஓர் அங்குலக் கனமுள்ளவற்றைப் பொறுக்கி, வேண்டிய நீளத்துக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு ரம்பத்தால் அறுக்க வேண்டும். அரிவாளால் கொத்திய நுனி பிளந்து நிற்கும். அப்பிளவில் தண்ணீரும் வண்டும் புகும். அறுத்த அன்றோ மறுநாளோ, பச்சையாயிருக்கும்போதே பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டையோடு கூடிய கழிதான் பார்வைக்கு இயற்கையாய் இருக்கின்றது என்று சில வியாபாரிகள் கேட்பதுண்டு. அவ்வாசைக்கு இணங்கலாகாது. காயும்போது பட்டை மரத்தைவிட்டு விலகும். இடையில் ஈரமும் பூச்சியும் தங்கும். சில மாதங்களில் பட்டை தானே உதிர்ந்து பெட்டி சொறி பிடித்தாற்போல் நிற்கும். கணுவையும் வளைவையும் செதுக்காமல் விட்டாலே இயற்கைத் தோற்றம் வேண்டிய அளவு இருக்கும்.

உரித்த கழிகளைக் கட்டாகக் கட்டி, தண்ணீரில் முழுகும்படி மேலே கல்லேற்றி நான்கு வாரம் ஊறவிட வேண்டும். மூங்கிலை உளுக்காமல் வைக்க மேதரக்காரர் தொன்றுதொட்டுச் செய்துவரும் முறையே இது. மாவுச் சத்தும் சர்க்கரைச் சத்தும் நீரில் கரைந்தும் புளித்தும் குறைந்துவிடுவதால் வண்டுக்கு அங்கே இரை அகப்படுவதில்லை. தண்ணீர் கறுத்து நாற்றமெடுக்கும். ஆதலால் குடிநீர் ஊருணியிலும், மீன் வளர்க்கும் குளத்திலும், மாடு நீர் குடிக்கும் துறையிலும் கழியைப் போடுதல் தகாது. சங்கத்துக்கென ஒரு சிமிண்டுத் தொட்டி கட்டிக்கொள்வது சிலாக்கியம். தொட்டி நீரை வாரந்தோறும் மாற்ற வேண்டும். இதனால் ஊறலும் நன்கு நடக்கும், கொசுவின் முட்டை புழுவாகி இறக்கை முளைத்துப் பறப்பதற்கும் இடமிராது. வடித்த நீரைத் தென்னைக்கோ வரப்புக்கோ பாய்ச்சிவிடலாம்.

ஊறிய கழியை வெயிலில் பரப்பிக் காயவைத்தால் வெடிக்கும். நிழலில், தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இரண்டு கட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் நெடுக்கும் குறுக்குமாக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நுனிகளில் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினால் வெடிப்பு குறையும். இதற்காகத்தான் இரண்டு அங்குலம் கூடுதலாக விடச் சொன்னது. ஐந்து ஆறு வாரத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததை அறிய, அடுக்கின் நடுவிலிருந்து சில கழிகளை எடுத்து நிறுத்துக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அவற்றையே மறுபடி நிறுக்க வேண்டும். எடை குறையாதிருந்தால் காய்ந்தது என்று கொள்ளலாம். பழகியவர்கள் இரண்டு கழிகளை ஒன்றோடொன்று தட்டி ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவர்.

கடற்கரைப் பக்கத்துச் சங்கங்கள் சவுக்குக் கழிகளைக் கொண்டும் இவ்வேலையைச் செய்யலாம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டிச் சோழமண்டலக் கரையில் பயிரிடப்பட்ட சவுக்கு, இப்போது சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போகின்றது. நுனிக் கழிகள் மலிவாகக் கிடைக்கும். சீமைக் கருவேலத்தை விட நேரானது, முள்ளில்லாதது. மண்ணில் பட்டால் கறையான் விரைவில் பிடிக்கும் என்பதே அதன் குறை. பூவரசு, கிளுவை, முருங்கை ஆகியவற்றின் கழி ஆகாது. முருங்கை மிகவும் மெத்தென்றது. மற்ற இரண்டும் பச்சையாகப் போட்டால் ஈரமண்ணில் வேர்விட்டுத் துளிர்த்துவிடும், பெட்டியே செடியாகிப்போகும். அரளிக் கழியை எந்தக் காரணத்தாலும் தொடலாகாது. அதன் பாலும் பட்டையும் கொடிய விஷம். கீரை வளர்க்கும் பெட்டிக்கும், ஆடு உரசும் முற்றத்துக்கும் அது ஏற்றதன்று.

இனி, பெட்டி கட்டும் விதம். உள்ளளவு ஓரடிச் சதுரமுள்ள பெட்டியைக் கட்டுவதாகக் கொள்வோமாயின், ஓர் அங்குலக் கனமும் 16 அங்குல நீளமும் உள்ள கழிகள் 28-ம், அடியில் போடுவதற்கு இரண்டு அங்குலக் கனமுள்ள கட்டைகள் 2-ம் வேண்டும். மெல்லிய கழிகளின் மொத்த நீளம் 37 அடி 4 அங்குலம். இவற்றோடு 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஜி.ஐ. கம்பியில் 16 அங்குலத் துண்டுகள் நான்கு தேவை. ஆணி அடித்துப் பெட்டி செய்ய எண்ணுவோர் முதல் கழியிலேயே தவறை உணர்வர். காய்ந்த கருவேலங்கழியின் நுனியில் ஆணி இறங்காது, இறங்கினால் கழி பிளக்கும்.

கழியின் ஒவ்வொரு நுனியிலிருந்தும் ஒன்றரை அங்குலம் தள்ளி, 5 மில்லிமீட்டர் அகலத்தில் துறப்பணத்தாலோ மின்சார டிரில்லாலோ ஊடுருவத் துளையிட வேண்டும். இரு துளைகளுக்கும் இடையே சரியாக 13 அங்குலம் இருக்கும். இந்த 13 அங்குலம் எல்லாக் கழிகளிலும் மாறாதிருப்பதே இவ்வேலையின் உயிர். ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து துளையிட்டால் நேரமும் போகும், அளவும் தவறும். அதற்குப் பதில் ஒரு பலகையில் கழி பதியும்படி இரண்டு சட்டங்களை அடித்து, ஒரு கோடியில் தடைக்கட்டை வைத்து, துளை விழவேண்டிய இரண்டு இடங்களில் இரும்புக் குழாய்த் துண்டுகளைப் பதித்து ஓர் அச்சுச் செய்துகொள்ளலாம். கழியை அச்சில் வைத்துத் தடைக்கட்டை வரையில் தள்ளி, குழாயின் வழியே துளையிட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் அளவு பிசகாது. தச்சரிடம் சொல்லி நல்ல அச்சாக ஒன்று செய்வித்துச் சங்கத்தில் வைத்துக்கொண்டால், பத்து வீடுகளில் துளையிட்ட கழிகளும் ஒன்றோடொன்று பொருந்தும். துளையிட வேண்டிய கழிகள் ஒரு பெட்டிக்கு இருபதும், அடிக்கட்டை இரண்டுமே. தளத்தின் நடுவே போடும் எட்டுக் கழிகளுக்குத் துளை வேண்டியதில்லை. ஆக 44 துளைகள்.

கம்பி ஒவ்வொன்றின் ஒரு முனையையும் வளைத்துக் கொக்கியாக்கி, அடிக்கட்டைகளின் துளைகளில் கீழிருந்து மேலே விட வேண்டும். கட்டையின் அடியில் சிறு பள்ளம் செதுக்கிக் கொக்கியை அதில் பதித்துவிட்டால், மாடித் தளத்தையோ திண்ணையையோ அது கீறாது. அடிக்கட்டை இரண்டையும் கிழக்கு மேற்காக வைத்து, அவற்றின்மேல் துளையுள்ள இரண்டு கழிகளைத் தென்வடலாகக் கம்பியில் கோத்து, அவ்விரண்டுக்கும் இடையில் துளையில்லாத எட்டுக் கழிகளை வரிசையாகப் பரப்பினால் தளம் ஆயிற்று. கழிக்கும் கழிக்கும் நடுவே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான சந்து நிற்கும். அச்சந்தை அடைக்கலாகாது, தண்ணீர் வெளியேறும் வாயில் அதுவே. அடுத்துக் கிழக்கு மேற்காக இரண்டு கழி கோத்தால், அவை அடிக்கட்டைகளுக்கு நேர் மேலே அமர்ந்து தளக்கழிகள் பத்தையும் இடையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மெலிந்திருப்பதால் ஆடும் கழியை மாத்திரம் மெல்லிய கட்டுக்கம்பியால் அடிக்கட்டையோடு கட்டினால் போதும். பின்னர்த் தென்வடலாக இரண்டு, கிழக்கு மேற்காக இரண்டு என மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே வந்து, தளத்தின்மேல் ஒன்பது வரிசை ஏற்ற வேண்டும். கழி ஒருபுறம் பருத்தும் ஒருபுறம் சிறுத்தும் இருப்பது இயல்பாதலால், ஒரு வரிசையில் பருத்த முனை இருந்த மூலையில் அடுத்த வரிசையின் சிறுத்த முனை வரும்படி வைத்தால், பெட்டி ஒரு பக்கம் சாயாது மட்டமாக எழும்பும். முடிவில் அடிக்கட்டை உட்பட உயரம் 12 அங்குலமாகும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் குறட்டால் இழுத்து இறுக்கி, சிறு வளையமாகச் சுருட்டிவிட வேண்டும். முதல் கோடைக்குப் பின் கழி இன்னும் சற்றுச் சுருங்கும். அப்போது வளையத்தை ஒரு சுற்று முறுக்கினால் தளர்ச்சி நீங்கும். கம்பிக்குப் பதில் மரை போட்ட கம்பியும் நட்டும் உபயோகித்தால் இறுக்குவது சுலபம், விலை அதிகம்.

பக்கங்களில் கழிக்குக் கழி ஓர் அங்குலச் சந்து இருப்பதைக் கண்டு மண் கொட்டிவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்தச் சந்தால்தான் காற்று நுழைந்து கழி காய்கின்றது. மண்ணைத் தாங்குவதற்கு உள்ளே ஒரு உறை வேண்டும். பனையும் தென்னையும் தரும் பன்னாடையை விட இதற்கு ஏற்ற பொருள் வேறில்லை. பதநீர் வடிகட்ட உதவும் அதே பன்னாடை நீரை விட்டு மண்ணை நிறுத்தும். ஐந்தாறு பன்னாடைகளை ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைத்துச் சணலால் தைத்துப் பெட்டிக்குள் படிய வைத்தால், மண் நேராகக் கழியில் படாது. உறை இற்றுப்போகும், போகட்டும். அது இற்ற பின் புதிது வைப்பதற்குக் காசு செலவில்லை. உறைக்குப் பதில் பிளாஸ்டிக் தாளை விரித்து மூடிவிடுவோர், அதற்கும் கழிக்கும் இடையில் தேங்கும் ஈரத்தால் பெட்டியை விரைவில் இழப்பர். தண்ணீர் வடியாமல் செடியின் வேரும் அழுகும்.

தளத்தின்மேல், உறைக்குள், ஓட்டாஞ்சில்லுகளை ஒரு வரிசை பரப்பிவிட்டு மண் இட வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. மாடியில் வைப்பதாயின் செம்மண்ணில் பாதியைக் குறைத்து, ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவைச் சேர்த்தால் பாரம் குறையும். எட்டு அங்குல உயரம் மண் இட்டு, தண்ணீர் நிற்க ஓர் அங்குலம் விட வேண்டும். சுமார் 19 லிட்டர் மண் கொள்ளும். தொழுவுரம் மக்காததாயிருந்தால் வேடிக்கையொன்று நிகழும்: மாடு தின்ற நெற்றின் விதை அதில் கிடந்து, கருவேலங்கழிப் பெட்டிக்குள் கருவேலங்கன்றே முளைத்து நிற்கும். அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, புதினா, மணத்தக்காளி, துளசி ஆகியவற்றுக்கு இந்த ஆழம் தாராளம். மிளகாய் ஒரு செடி வைக்கலாம். பக்கங்களில் காற்றோட்டம் இருப்பதால் மண் தொட்டியை விடச் சீக்கிரம் உலரும். சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டிவரும். வாங்குவோருக்கு இதை முன்னதாகவே சொல்லிவிடுதல் நலம்.

பெட்டிக்கு மேற்பூச்சு அவசியமா என்று கேட்பர். நன்கு ஊறிக் காய்ந்த கழிக்கு அவசியமில்லை. பூசினால் கேடுமில்லை, பூசுவது எது என்பதைப் பொறுத்தது. லாரிப் பட்டறையில் மலிவாகக் கிடைக்கும் கழிவு எஞ்சின் ஆயிலைப் பூசுவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கின்றது. கதவு நிலைக்கே அது நல்லதன்று. உண்ணும் கீரைக்கு அருகில் அதைக் கொண்டுவருவது பெரும் பிழை. எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகளும், எண்ணெய் எரிந்ததில் உண்டாகும், புற்றுநோய் விளைக்கவல்ல பொருள்களும் அதில் உண்டு. மழையிலும் வெயிலிலும் அவை மண்ணுக்குள் இறங்கும். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளையும், மருந்தேற்றிய மரக் கம்பங்களையும் அறுத்து அடிக்கட்டையாகப் போடுவதும் இத்தகையதே. மரத்துக்கு ஏற்றும் மருந்துகளில் செம்பு, குரோமியத்தோடு பாஷாணம் கலந்த ஒன்று நெடுங்காலம் உலகெங்கும் வழங்கியது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவதை நிறுத்திவிட்டனர். பூச்சிமருந்து வந்த பீப்பாயில் கழியை ஊறவைப்பதும் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் செய்வோர் இருப்பதால் சொல்ல நேர்கின்றது.

பூசியே ஆக வேண்டுமென்பார், வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் துணியால் தேய்க்கலாம். இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அவ்வெண்ணெய் காயும்போது உஷ்ணத்தை வெளியிடும்; எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால், நெருப்பு வைக்காமலே அவை தீப்பற்றுவதுண்டு. துணியைத் தண்ணீரில் நனைத்தோ, விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்த வேண்டும். பண்ணுருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் ஊர்களில் அதன் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கிடைக்கும். படகுகளுக்குப் பூசும் இவ்வெண்ணெயைக் கறையான் அணுகாது. மண்ணைத் தொடாத அடிக்கட்டையின் கீழ்ப்புறத்துக்கு மாத்திரம் இதைப் பூசலாம். தோலில் பட்டால் கொப்புளிக்குமாதலால் கையுறை இன்றித் தொடலாகாது.

சங்கத்தின் பங்கைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கே வழி செய்தது. பொருளைச் செய்து விற்கும் சங்கங்களுக்கும் இடம் தந்தது 1912-ஆம் ஆண்டுச் சட்டம். இந்நாளில் எந்தச் சங்கமானாலும், இத்தொழிலைத் தொடங்குமுன் தன் உபவிதிகள் அதற்கு இடமளிக்கின்றனவா என்பதைக் காரியதரிசி பார்த்துக்கொள்ள வேண்டும். துளையிடும் கருவியும், அச்சும், ஊறல் தொட்டியும் தனி ஒருவருக்குப் பாரமானவை. பத்துப் பேருக்குப் பொதுவாக இருந்தால் பாரம் தெரியாது. பட்டையுரிப்பதையும் உறை தைப்பதையும் வீட்டிலிருந்தபடியே பெண்டிரும் முதியோரும் செய்யக்கூடும். கழி வெட்டுவோர், உரிப்போர், கோப்போர் மூவருக்கும் கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே தீர்மானித்து எழுதிவைத்தால் பின்னால் மனஸ்தாபம் வராது. உரிக்கும் வேலைதான் நேரத்தை அதிகம் தின்பது. பார்ப்பதற்கு எளிதாயிருப்பதால் அதற்குக் குறைந்த கூலி போட்டுவிடுவது வழக்கம். அது நியாயமன்று.

விலை வைக்கும்போது நேரும் தவறு ஒன்று உண்டு. மரம் இனாமாகக் கிடைத்தது என்று கம்பியின் விலையையும் ஒரு நாள் கூலியையும் மட்டும் கூட்டி, பெட்டிக்கு அற்ப விலை குறித்துவிடுகின்றனர். முள்ளில் நின்று வெட்டிய உழைப்பும், வண்டிச் சத்தமும், தொட்டியில் கிடந்த நான்கு வாரமும், வெடித்துக் கழிந்த கழிகளும் கணக்கில் ஏறாமற் போகின்றன. முதலாண்டில் விற்பனை மிகுந்து காணப்படும். இரண்டாம் ஆண்டில் கழி வெட்ட ஆள் வரமாட்டார்கள். அன்றியும் தையில் வெட்டி, மாசியில் ஊறல் முடிந்து, பங்குனியில் காய்ந்த கழியைச் சித்திரைக்கு மேல் கோத்து, ஆடிப் பட்டத்துக்கு முன் நாற்றுப் பண்ணைகளுக்கு அனுப்புவது என்று வைத்துக்கொண்டால், ஊறலைக் குறைக்கும்படி எவரும் அவசரப்படுத்த நேராது. கிராக்கி வந்துவிட்டது, பத்து நாள் ஊறியது போதும் என்று யாரேனும் சொல்வாராயின், நிர்வாகக் குழுவினர் அதற்கு இணங்காதிருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியின் அடிக்கட்டையிலும் சங்கத்தின் பெயரையும், கழி ஊறிய மாதத்தையும் ஆண்டையும் காய்ச்சிய இரும்பால் சூடிட்டு அனுப்பலாம். எங்கேனும் ஒரு பெட்டி உளுத்ததென்று திரும்பிவந்தால், அது எந்த மாதத்து ஊறல் என்பதைக் கண்டு, அதே தொட்டியில் கிடந்த மற்றக் கழிகளையும் சோதிக்க இது உதவும். தூள் கொட்டும் கழி ஒன்றிரண்டே ஆயின், மேல் வளையத்தை அவிழ்த்து அக்கழிகளை மட்டும் உருவி, புதியவற்றைக் கோத்துக் கொடுத்துவிடலாம். உருவிய கழியைக் கொட்டகையில் போட்டுவைக்காமல் அன்றே அடுப்பில் எரித்துவிட வேண்டும்; அதற்குள் இருக்கும் வண்டு அருகிலுள்ள அடுக்குக்குப் பறந்துவிடும்.